கேரன் ஹார்னி

கேரன் ஹார்னி (செப்டம்பர் 16, 1885 - டிசம்பர் 4, 1952) ஜெர்மனியில் பிறந்து, பிற்காலத்தில் அமெரிக்காவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஆவார். சிக்மண்ட் பிராய்டின் உளப்பகுப்பாய்வு முறையில் பயிற்சி பெற்ற இவர், பின்னர் அதன் அடிப்படைக் கருத்துக்கள் சிலவற்றை மறுத்தார். மனிதரின் ஆளுமையை உருவாக்குவதில் பிறவி உந்தல்களை விட மனித உறவுகளும் பண்பாடுமே முதன்மையானவை என்பது இவரது நிலைப்பாடு. நவ-பிராய்டியர் எனப்படும் அறிஞர்களுள் இவரும் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஹாம்பர்க் நகருக்கு அருகிலுள்ள பிளாங்கனேசே என்னும் ஊரில் இவர் பிறந்தார். நார்வே நாட்டைச் சேர்ந்த தந்தை ஒரு கப்பல் தலைவர். கண்டிப்பும் மிகுந்த சமயப் பற்றும் உடையவர். மகளின் உயர்கல்வியில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. தாயின் ஆதரவினாலேயே கேரன் படிப்பைத் தொடர முடிந்தது.

அக்காலத்தில் ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடம் கிடையாது. 1900 இல் பெண்களை முதலில் முழுமையாகச் சேர்த்துக் கொண்டவற்றுள் பிரைபர்க் பல்கலைக்கழகமும் ஒன்று. அங்கு 1906 இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய கேரன், பின்னர் கோட்டிங்கன், பெர்லின் ஆகிய இடங்களில் பயின்றார். 1909 இல் ஆஸ்கர் ஹார்னியை மணந்தார். இவர்களுக்கு மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தனர். மூத்த மகள் பிரிகிட்டே பிற்காலத்தில் புகழ் பெற்ற நடிகையானார்.

மருத்துவம் பயின்று கொண்டிருந்தபோது மனச்சோர்வினால் துன்புற்ற கேரன், பிராய்டின் நெருங்கிய மாணவரான கார்ல் ஆபிரகாமிடம் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெற்றார். 1911 இல் தாயையும், 1923 இல் உடன்பிறந்த அண்ணனையும் இழந்தார். 1926 இல் கணவரைப் பிரிந்து, மகள்களுடன் தனியாக வாழத் தொடங்கினார்.

பெண்களின் உளவியல்

1920 முதல் பெர்லின் உளப்பகுப்பாய்வு நிறுவனத்தில் ஹார்னி கற்பித்து வந்தார். பெண்ணின் ஆளுமை வளர்ச்சிக்கு ஆணுறுப்பின் மீதான பொறாமையே அடிப்படை என்று பிராய்ட் கருதினார். 1922 இல் பெர்லினில் நடைபெற்ற பன்னாட்டு உளப்பகுப்பாய்வு மாநாட்டில் இக்கருத்தை ஆராயும் கட்டுரை ஒன்றை ஹார்னி வாசித்தார். தொடர்ந்து எழுதிய கட்டுரைகளில், உளப்பகுப்பாய்வு ஆண்களால் உருவாக்கப்பட்டது. எனவே பெண்ணை ஆணின் பார்வையிலேயே அது விளக்குகிறது என்று வாதிட்டார். பெண்கள் விரும்புவது ஆணின் உடலை அன்று, ஆண்களுக்குச் சமூகம் அளித்துள்ள உரிமைகளையே என்பது இவரது விளக்கம். கருவுறுதலும் பிள்ளைப்பேறும் ஆண்களிடம் பொறாமையைத் தோற்றுவிக்கக் கூடும் என்றும் இவர் சுட்டிக் காட்டினார்.

அமெரிக்க வாழ்க்கை

1932 இல் பிரான்ஸ் அலெக்சாண்டரின் அழைப்பை ஏற்றுச் சிகாகோ உளப்பகுப்பாய்வு நிறுவனத்தின் துணை இயக்குனராகப் பொறுப்பேற்றார். 1934 இல் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தார். இங்கு இவர் கண்ட நோயாளிகளின் சிக்கல்கள் பெர்லினில் கண்டவற்றினின்றும் வேறுபட்டிருந்தன. உளநோய்களைப் பண்பாட்டிலிருந்து பிரித்து விளங்கிக் கொள்ள இயலாது என்ற முடிவுக்கு வர இது காரணமாயிற்று. இக்கருத்துக்களை 1937, 1939 ஆகிய ஆண்டுகளில் வெளியான இரு நூல்களில் விரித்துரைத்தார்.

பிராய்டை வெளிப்படையாக மறுத்த இரண்டாவது நூல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1941 இல் நியூயார்க் உளப்பகுப்பாய்வு நிறுவனம் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் தகுதியை இவரிடமிருந்து வாக்கெடுப்பின் மூலம் பறித்தது. ஹார்னியும் உடன் பணியாற்றிய சிலரும் நிறுவனத்தை விட்டு வெளியேறினர்; அதே ஆண்டில் புதிய சங்கமொன்றையும் பயிற்சி நிறுவனமொன்றையும் ஏற்படுத்தினர்.

கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் தோன்றிய அப்புதிய நிறுவனமும் விரைவிலேயே பிளவுபட்டது. மருத்துவப் பட்டம் பெறாதவர் என்ற காரணத்தினால் 1943 இல் எரிக் ஃபுரோமின் கற்பித்தல் உரிமை மறுக்கப்பட்டது. ஃபுரோமுடன் கிளாரா தாம்சன், ஹாரி ஸ்டாக் சல்லிவன் ஆகியோரும் விலகினர்.

ஆளுமைக் கோட்பாடு

பெற்றோரிடம் உண்மையான அன்பும் பாதுகாப்பும் கிடைக்காத குழந்தை, பகைமை நிறைந்த உலகில் தனித்து விடப்பட்டதாக உணர்கிறது. இதனை ஹார்னி அடிப்படைப் பதற்றம் என்று அழைத்தார். இதிலிருந்து தன்னைக் காத்துக் கொள்ளக் குழந்தை மூன்று வழிகளை நாடுகிறது:

* பிறரை நோக்கி நகர்தல் - அன்பையும் ஏற்பையும் வேண்டிப் பணிந்து போதல்
* பிறருக்கு எதிராக நகர்தல் - அதிகாரத்தையும் வெற்றியையும் தேடுதல்
* பிறரை விட்டு விலகுதல் - எவரையும் சாராமல் ஒதுங்கி இருத்தல்

மனநலம் உடையவர் சூழலுக்கு ஏற்ப இம்மூன்றையும் மாற்றி மாற்றிக் கையாள்கிறார். பதற்றம் மிகுந்தவரோ ஒன்றையே விடாது பற்றிக் கொள்கிறார். மேலும், குறைகளே அற்ற ஓர் இலட்சிய உருவத்தைத் தனக்கெனக் கற்பனை செய்து கொள்கிறார். எப்போதும் வெல்ல வேண்டும், எவரிடமும் சினம் கொள்ளக் கூடாது என்பன போன்ற கட்டளைகளை அவ்வுருவம் அவருக்கு இடுகிறது. அவற்றை நிறைவேற்ற முடியாதபோது தன் மீதே வெறுப்புக் கொள்கிறார்.

சிகிச்சை முறை

தடையற்ற எண்ணத் தொடர், கனவு விளக்கம் போன்ற பிராய்டின் முறைகளை ஹார்னி கைவிடவில்லை. எனினும், இளமைக்கால நினைவுகளைத் தோண்டி எடுப்பதுடன் நில்லாமல், நோயாளி இன்று எவ்வாறு வாழ்கிறார் என்பதற்கு முதன்மை அளித்தார். இலட்சிய உருவத்தின் பொய்மையை நோயாளி அறிவால் மட்டுமன்றி உணர்வாலும் கண்டு கொள்ள வேண்டும்; அப்போது அவரது உண்மையான தன்னியல்பு வளரத் தொடங்கும் என்பது இவரது நம்பிக்கை. ஒருவர் தன்னைத் தானே ஓரளவு பகுப்பாய்வு செய்து கொள்ள முடியும் என்பதை விளக்கி 1942 இல் ஒரு நூல் எழுதினார். 1950 இல் வெளிவந்த இறுதி நூல் இவரது கோட்பாட்டை முழுமையாகத் தருகிறது.

இறுதிக் காலமும் தாக்கமும்

ஜென் பௌத்தத்தில் ஆர்வம் கொண்ட ஹார்னி, 1952 இல் ஜப்பானுக்குச் சென்று மடாலயங்களில் தங்கினார். அவ்வாண்டின் இறுதியில் புற்றுநோயினால் நியூயார்க்கில் காலமானார். 1955 இல் அந்நகரில் இவரது பெயரில் மனநல மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. இவரது பெண் உளவியல் கட்டுரைகள் 1967 இல் நூலாகத் தொகுக்கப்பட்ட பின்னர், பெண்ணியச் சிந்தனையாளர்களின் கவனத்தைப் பெற்றன.

இவரது கோட்பாடு நோயாளிகளிடம் கண்டவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது, ஆய்வு முறைகளால் சோதிக்கப்படவில்லை என்பது முக்கியமான விமர்சனம் ஆகும். எனினும் ஆபிரகாம் மாஸ்லோ, ஆல்பர்ட் எல்லிஸ் ஆகியோரின் சிந்தனையில் இவரது தாக்கம் காணப்படுகிறது.