கொடுமுடியில் பிறந்த குரல்: கே.பி. சுந்தராம்பாள்

ஜோகூர் தோட்டக் கோயில்களில் விடியற்காலை ஒலிபெருக்கி வைத்த காலத்தில் வளர்ந்தவர்களுக்குக் கே.பி. சுந்தராம்பாளின் குரலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானப்படுத்தும் ஔவையார் அவர்தான்.

1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பெண் அவர். அந்தக் குரலைக் கேட்ட ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேச ஐயர்தான் அவரை மேடைக்குக் கொண்டு வந்தார். அப்போது மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி தொண்டையைத் திறந்து பாட வேண்டும். அவர் பாடினார்.

1926-இல் கொழும்பில் நாடகம் நடிக்கப்போனபோது செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து நடித்த 'வள்ளி திருமணம்' பெரும் கூட்டத்தை இழுத்தது. மேடை ஜோடி வாழ்க்கையிலும் இணைந்தது. ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கனவே மனைவி இருந்தார், சாதியும் வேறு. பிரிவும் மனவருத்தமும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயதுதான். அன்று கட்டிய வெள்ளைச் சேலையை அவர் கடைசிவரை மாற்றவில்லை. ஆண் நடிகருக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

கதாநாயகி வேடத்துக்கு அதோடு கதவு சாத்தியாகிவிட்டது. ஆனால் 1935-இல் 'நந்தனார்' எடுக்க வந்தவர்கள் விடவில்லை. அவர்களைத் தவிர்க்கத்தான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்று சொல்வார்கள், அவர்களோ கொடுத்துவிட்டார்கள்! அதில் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

பிறகு துறவியும் மூதாட்டியும்தான் அவருடைய வேடங்கள். 1940-இல் 'மணிமேகலை', 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்', 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். அழகுப் போட்டி நிறைந்த திரையுலகில் விபூதிப் பூச்சோடும் வெள்ளைச் சேலையோடும் ஒரு பெண் தனியாகவே படத்தைத் தாங்கினார் என்பது சாதாரணமல்ல.

காங்கிரஸ் மேடைகளில் பாடி ஆள் திரட்டிய அவர், 1951-இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1973-இல் வந்த 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் அந்தக் குரல் தளரவில்லை. 1980-இல் காலமானார்.