பாராட்டோடு நின்றுவிடாத ஆசிரியர்

1907இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த பீமராவ், மெட்ரிகுலேசன் தேறினார். மகர் சமூகத்துப் பிள்ளை அந்தத் தேர்வில் வெல்வது அன்று அரிது. பாராட்டுக் கூட்டம் நடந்தது. ஆசிரியர் கேலுஸ்கர், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார்.

கேலுஸ்கர் அத்தோடு நின்றுவிடவில்லை. இன்டர்மீடியட் முடித்த பீமராவை மேலே படிக்க வைக்கக் குடும்பத்தால் முடியாதபோது, பரோடா மன்னர் சாயாஜிராவிடம் எடுத்துச் சொல்லி மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். 1912இல் பீமராவ் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் அதே மன்னரின் உதவியோடு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; பின்னர் லண்டனிலும் படித்தார்.

தமக்குத் திறந்த கதவை அண்ணல் அம்பேத்கர் பிறருக்கும் திறந்தார். அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோதுதான், 1944இல், பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்புக்கு உதவித்தொகைத் திட்டம் வந்தது. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது.

அந்த உதவித்தொகை இன்றும் இருக்கிறது. கல்லூரிக்கு மட்டுமல்ல, ஐடிஐ, பாலிடெக்னிக் படிப்புக்கும் உண்டு. ஆனாலும் பிளஸ் டூ தேறிய நம் பிள்ளைகள் பலர், வழிகாட்ட ஆளின்றிச் செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். தேர்வு முடிவு வந்ததும் பிளக்ஸ் வைத்துச் சால்வை போடுகிறோம். மறுநாள் அந்த வீட்டுக்குப் போகிறோமா? சாதிச் சான்று, வருமானச் சான்று இருக்கிறதா, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று கேட்கிறோமா?

தெருவுக்கு ஒரு கேலுஸ்கர் வேண்டும். படித்த நாம்தான் அந்த ஆளாக வேண்டும்.