ஓட்டுப் போட்டதற்காகக் கைதான சூசன் பி. ஆண்டனி

மலருக்கு ஒரு பெண் தலைவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னாங்க. நம்ம நாட்டுத் தலைவிகளைப் பற்றி மற்றவங்க எழுதுவாங்கன்னு, நான் அமெரிக்காவில் வாழ்ந்த சூசன் பி. ஆண்டனி அம்மாவை எடுத்துக்கிட்டேன். பத்தாவது வரை படிச்ச எனக்குப் புரிஞ்ச அளவில் சொல்கிறேன்.

சூசன் 1820 பிப்ரவரி 15-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆடம்ஸ் என்ற ஊரில் பிறந்தாங்க. அப்பா பருத்தி மில் நடத்தினவர். 1837-இல் அந்த நாட்டில் வந்த பணநெருக்கடியில் குடும்பம் நொடிஞ்சு போச்சு. சூசன் டீச்சர் வேலைக்குப் போனாங்க. ஒரே வேலைதான், ஆனால் ஆண் வாத்தியார் வாங்கினதைவிட பெண்ணுக்குச் சம்பளம் ரொம்பக் குறைவு. கடைசி வரை அவங்க கல்யாணம் செய்துக்கல.

அந்தக் காலத்தில் அங்கேயும் குடியால் அழிஞ்ச குடும்பங்கள் நிறைய. நியூயார்க் மாநிலத்தில் ஊர் ஊராகப் போய் குடிக்கு எதிராகப் பெண்கள் சங்கம் ஆரம்பிச்சுக் கொடுத்தாங்க. 1853-இல் அந்த ஊர்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தால் சங்கங்கள் கலைஞ்சு கிடந்தன. பெண்களுக்கு ஆர்வம் இல்லாமல் போகல; கையில் சொந்தமாகக் காசு இல்லை, அதுதான் காரணம். கல்யாணம் ஆன பெண் உழைச்சுச் சம்பாதிச்ச கூலிகூட சட்டப்படி புருஷனுக்குத்தான் சொந்தம். சந்தா கட்டவே வழியில்லாத சங்கம் எப்படி நிற்கும்? வாராவாரம் சேமிப்பு கட்டுற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் சூசன் கையெழுத்து வாங்கக் கிளம்பினாங்க. கொட்டுற பனியிலும் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு மனுவில் கையெழுத்து வாங்கினாங்க. சட்டசபையில் ஆண்கள் கேலி செய்தாங்க. ஆனாலும் விடல. தோழி எலிசபெத் கேடி ஸ்டாண்டன் பேச்சு எழுதித் தருவாங்க, சூசன் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பேசுவாங்க. 1860-இல் நியூயார்க்கில் சட்டம் வந்தது. பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கே, பிள்ளைகள் மேல் தாய்க்கும் சம உரிமைன்னு சொன்னது அந்தச் சட்டம். ஆனால் இரண்டே வருஷத்தில், 1862-இல், பிள்ளைகள் மேல் கொடுத்த சம உரிமையைத் திரும்ப எடுத்துட்டாங்க. சட்டம் போடுற இடத்தில் பெண்ணுக்கு ஓட்டு இல்லைன்னா, கொடுத்ததைப் பிடுங்கிக்கலாம்னு இதிலேயே தெரிஞ்சு போச்சு.

இங்கே அமெரிக்க ஆட்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். அங்கே எல்லாவற்றுக்கும் மேலே அரசியல் சட்டம். ஜனாதிபதியும், காங்கிரஸ் என்கிற நாடாளுமன்றமும், நீதிமன்றமும் அதற்குக் கட்டுப்பட்டவை. அதைத் திருத்துவது லேசு இல்லை. பொதுவாக, காங்கிரஸின் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேணும். அப்புறம் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் சம்மதிக்கணும்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1865-இல் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அதற்காகவும் சூசன் லட்சக்கணக்கான கையெழுத்து சேர்த்தவங்க. 1868-இல் வந்த 14-ஆவது திருத்தம், அந்த நாட்டில் பிறந்தவங்க குடிமக்கள், அவங்க உரிமையை எந்த மாநிலமும் குறைக்கக் கூடாதுன்னு சொன்னது. 1870-இல் 15-ஆவது திருத்தம், இனத்தையோ நிறத்தையோ காட்டி ஓட்டு மறுக்கக் கூடாதுன்னு சொன்னது. பெண் என்று காட்டி மறுக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லல. அந்தக் கோபத்தில் சூசன் அந்தத் திருத்தத்தையே எதிர்த்தாங்க. கறுப்பின மக்களின் உரிமைக்கு உழைச்ச பழைய தோழர்கள் பிரிஞ்சாங்க. அந்த விஷயத்தில் அவங்க செய்தது சரின்னு எனக்குத் தோணல.

ஆனால் அவங்க எழுப்பின கேள்வி நேரானது. பெண்ணும் குடிமகள்தானே? குடிமகளுக்கு ஓட்டு இல்லையா? 1872 நவம்பர் 1-ஆம் தேதி ராசெஸ்டர் நகரில் சகோதரிகளோட போய், 14-ஆவது திருத்தத்தைப் படிச்சுக் காட்டி, வாக்காளர் பட்டியலில் பெயர் பதிஞ்சாங்க. நவம்பர் 5-ஆம் தேதி அவங்களோட இன்னும் சில பெண்களும் ஓட்டுப் போட்டாங்க. இரண்டு வாரத்தில் வீடு தேடி வந்து கைது செய்தாங்க.

1873 ஜூனில் வழக்கு. அவங்க தன் தரப்பில் சாட்சி சொல்லவே விடல. ஜூரி கலந்து பேசறதுக்கும் இடம் கொடுக்காமல், குற்றவாளின்னு முடிவு சொல்லும்படி நீதிபதியே உத்தரவு போட்டார். அபராதம் 100 டாலர். சூசன் ஒரு காசுகூடக் கட்டல. கட்டாததற்கு ஜெயிலிலும் போடல; போட்டிருந்தால் மேல் கோர்ட்டுக்குப் போக வழி கிடைச்சிருக்கும். 1875-இல் வேறொரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்கள் குடிமக்கள்தான், ஆனால் அதனால் மட்டும் ஓட்டுரிமை வந்துவிடாதுன்னு தீர்ப்பு சொன்னது.

கோர்ட்டில் கதவு மூடினதும், சட்டத்தையே திருத்தணும்னு இறங்கினாங்க. 1878-இல் திருத்தம் காங்கிரஸுக்கு வந்தது. வருஷா வருஷம் போய்ப் பேசினாங்க. 1906 மார்ச் 13-ஆம் தேதி 86 வயசில் இறந்தாங்க. அந்தத் திருத்தம் நிறைவேறினதை அவங்க பார்க்கல.

1920-இல்தான் 19-ஆவது திருத்தம் அமலுக்கு வந்தது. அப்போது மொத்தம் 48 மாநிலம், 36 சம்மதிக்கணும். கடைசியாக டென்னசி மாநிலத்தில் ஒரே ஓட்டில் ஜெயிச்சது. எதிர்ப்புப் பக்கம் இருந்த ஒரு இளம் உறுப்பினர், தன் அம்மா எழுதின கடிதத்தால் ஆதரவாக மாறினார்! ஆனாலும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் பலர் தடையில்லாமல் ஓட்டுப் போட 1965-இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது.

சகோதரிகளே, தீர்மான நோட்டில் நாம் போடுற கையெழுத்தும், நம்ம பெயரில் இருக்கிற பாஸ்புக்கும் சின்ன விஷயம் இல்லை. இதற்காக ஒரு பெண் அந்த நாட்டில் ஐம்பது வருஷம் நடையாய் நடந்திருக்காங்க. அடுத்த தேர்தலில் யாருக்கு ஓட்டுன்னு வீட்டில் பேசட்டும், கேட்டுக்கலாம். பொத்தானை அழுத்துற விரல் நம்முடையது. முடிவும் நம்முடையதாக இருக்கணும்.