உழைப்பை அளந்த மேதை

உழைப்பின் அருமை உழைத்தவர் வீட்டில் பிறந்தவனுக்கே நன்கு தெரியும். இதற்கு எர்ன்ஸ்ட் அபேயின் வாழ்வே சான்று.

1840ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள், ஜெர்மனியின் ஐசனாக் நகரில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். தந்தைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வேலை. உணவு இடைவேளை கிடையாது. சிறுவன் அபே கொண்டு செல்லும் மதிய உணவை எந்திரத்தின் அருகில் நின்றபடியே அவர் விழுங்குவார். அந்தக் காட்சி மகனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

ஆலை முதலாளியின் உதவியோடு படித்த அபே, 1861இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1866 முதல் யேனா நகரில் கார்ல் சைஸின் நுண்ணோக்கித் தொழிற்சாலைக்குத் துணை நின்றார். அதுவரை கைப்பழக்கத்தால் செய்யப்பட்ட வில்லைகள், அவர் வகுத்த கணக்கின்படி உருவாயின. நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. அபேயும் அதன் பங்குதாரராகிச் செல்வரானார்.

ஆனால் அச்செல்வம் தமக்கே உரியதென அவர் கருதவில்லை. பலரது கூட்டுழைப்பில் விளைந்த இலாபம் ஒருவர் பெட்டிக்குள் போவது முறையாகுமா? சைஸ் மறைந்த மறு ஆண்டில், அதாவது 1889இல், அவர் பெயராலேயே ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1891இல் தம் உரிமையை அதற்கே வழங்கினார். 1896இல் வகுத்த விதிகள் தொழிலாளர்க்கு ஓய்வூதியமும் இலாபத்தில் பங்கும் அளித்தன. குற்றமின்றி வேலை இழப்போர்க்கு இழப்பீடும் உண்டு. நிருவாகிகளுக்கோ இலாபப் பங்கு இல்லை. அவர்களது ஊதியமும் தொழிலாளரின் சராசரி ஊதியத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது.

1900இல் வேலை நேரம் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைந்தது. நேரம் குறைந்தால் உற்பத்தியும் குறையும் என்பது பலரது அச்சம். அபே வாதம் செய்யவில்லை, அளந்து பார்த்தார். செய்து முடித்த உருப்படிகளின் கணக்கில் கூலி பெற்ற 233 பேரின் முன்னாண்டு, பின்னாண்டு வருவாய்களை ஒப்பிட்டார். உருப்படிக்கே கூலி என்பதால் கூலிக் கணக்கே உற்பத்திக் கணக்காகவும் அமைந்தது. நேரக் குறைவை ஈடுசெய்ய, மணிக்கு 12.5 விழுக்காடு கூடுதல் வேலை நடந்தாலே போதும். நடந்ததோ 16.2 விழுக்காடு! நாளின் மொத்த உற்பத்தியும் சுமார் 3 விழுக்காடு உயர்ந்தது. களைப்பு நீங்கிய கை, குறைந்த நேரத்தில் நிறைந்த வேலை செய்தது.

1905ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் அப்பெருமகன் மறைந்தார். தொழிலாளர்க்கு அவர் தந்தது இரக்கம் அன்று. எழுதி வைத்த உரிமை. இரக்கம் கொடுப்பவரோடு போய்விடும்; உரிமை அவருக்குப் பின்னும் நிற்கும்.

முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய குடும்பங்களிலிருந்து வந்துள்ள தோழர்களே! நாளை நாமும் பலரை வேலை வாங்கும் இடத்தில் அமரலாம். அன்று நம் தந்தையரின் களைப்பை மறவாதிருப்போம். நாம் கற்ற கணக்கு, அவர்கள் பக்கமும் பேசட்டும்!