சிறை பிரித்த இல்லறம்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் வைகுண்ட ஏகாதசியன்று மக்கள் குடும்பத்தோடு அங்குத் திரள்வர். ஆற்றின் தென்கரையில் உள்ளது திருச்சிராப்பள்ளி. குடும்பங்கள் கூடிக் களிக்கும் அவ்விடத்திற்கு அணித்தாகிய அந்நகர்ச் சிறையிலேதான், ஒரு குடும்பம் பிரிவுத் துயருக்கு ஆளாயிற்று. அது வீரர் சுப்பிரமணிய சிவாவின் குடும்பம்.

சிவா 1884ஆம் ஆண்டில் வத்தலக்குண்டில் பிறந்தார். 1899இல், இளம்பருவத்திலேயே, மீனாட்சி அம்மையாரை மணந்தார். ஆயினும், நாட்டின் அடிமை நிலை அவரை இல்லத்தில் அமைந்திருக்க விடவில்லை. ஊர்தோறும் சென்று விடுதலை உணர்வை ஊட்டினார். 1908இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரோடு கூடி மேடைதோறும் முழங்கினார். ஆங்கில அரசு அப்பேச்சையே குற்றமாகக் கொண்டது. அவர் எவரையும் கொன்றாரல்லர், எப்பொருளையும் கவர்ந்தாரல்லர். எனினும், பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றார். அவருக்கு உணவும் உறையுளும் அளித்தமையும் சிதம்பரனார்மீது குற்றமாகச் சாட்டப்பட்டது. மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது.

திருச்சிராப்பள்ளிச் சிறையில் ஆட்டு மயிரைத் தூய்மை செய்யும் கடும்பணி அவருக்குத் தரப்பட்டது. சிறைவாழ்வில் தொழுநோய் அவரைப் பற்றியது. பின்னர்ச் சேலம் சிறைக்கு மாற்றப்பெற்று, 1912இல் விடுதலையுற்றார்.

நீதிமன்றம் தண்டித்தது ஒருவரை. தண்டனையை நுகர்ந்தோர் இருவர். கணவர் சிறையுள் வருந்திய நான்காண்டும் அம்மையார் கணவரைப் பிரிந்திருந்தார். மீண்டு வந்தவரோ நோயுற்ற உடலினர். இன்று அந்நோயை முற்றும் தீர்க்கும் மருந்துகள் உண்டு, அன்று இல்லை. நோயுற்றாரை உற்றாரும் அஞ்சி ஒதுக்கிய காலம் அது. 1913இல் சிவா 'ஞானபாநு' என்னும் இதழைத் தொடங்கி, நாட்டுப்பணியை மீண்டும் மேற்கொண்டார். 1915இல் அம்மையார் மறைந்தார். விடுதலைக்குப்பின் அவ்விருவர்க்கும் கிட்டிய இல்லற காலம் மூன்றாண்டும் நிரம்பவில்லை.

துணையை இழந்தும் சிவா சோர்ந்தாரல்லர். நோயைக் காட்டிப் புகைவண்டியில் ஏறத் தடைவிதித்தபோது, புண்பட்ட கால்களோடு நடந்தே ஊர்தோறும் சென்றார். 1921இல் மீண்டும் சிறை புகுந்தார். 1925ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் உயிர்நீத்தார்.

சிவாவின் தியாகத்தை நாடு போற்றுகிறது. அவர் இழந்தவற்றுள் பாதி மீனாட்சி அம்மையாருடையது. அவர் மேடை ஏறியவரல்லர், சிறை புகுந்தவருமல்லர். எனினும், விடுதலையின் விலையில் ஒரு பங்கை அவரும் செலுத்தினார். அதனை மறவாதிருத்தல் நம் கடனாகும்.