வாராத் தந்தையும் வரைந்த கையும்

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் இரவிவர்மா. இளமையில் தம் மாமனிடம் ஓவியம் பயின்றார். மேலைநாட்டு எண்ணெய் வண்ணக்கலையை அவருக்கு முறையாகக் கற்பிப்பார் இல்லை. அரசவைக்கு வந்த ஓவியர் தீட்டுவதைக் கண்டும், தாமே பலகால் முயன்றும் அதில் தேர்ந்தார். 1873இல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றார்.

1893இல் தம் மகள் மகாபிரபையை மாதிரியாகக் கொண்டு, 'அதோ அப்பா வருகிறார்' என்னும் ஓவியத்தைத் தீட்டினார். குழந்தையை ஏந்தி நிற்கும் தாய். அருகே ஒரு நாய். தாயின் பார்வை ஓவியத்தின் விளிம்பைக் கடந்து செல்கிறது. தந்தையோ ஓவியத்தில் இல்லை. காண்போர் உள்ளத்திலும் காத்திருப்பு பிறக்கிறது. அந்நாளைய கேரளத்தில் மருமக்கள்தாய முறைப்படி குழந்தை தாய்வீட்டுக்கே உரியது. அம்முறை தளரத் தொடங்கிய காலத்தில், காணப்படாத தந்தையே ஓவியத்தின் மையமாகிறார். ஆதலின் அதனை மாறிவரும் குடும்பத்தின் குறியீடாகவும் கொள்ளலாம்.

1894இல் மும்பையில் அவர் நிறுவிய அச்சகத்தின் வழியே அவர்தம் தெய்வப் படங்கள் எளியோர் இல்லங்களையும் அடைந்தன. 1906இல் இரவிவர்மா மறைந்தார். உருவத்தை உள்ளவாறே தீட்டி, உணர்வை உய்த்துணர வைத்ததே அவர் கலையின் சிறப்பாகும்.