பெசெஷெத்: பெண் வைத்தியர்களின் தலைவி

உலகின் முதல் பெண் வைத்தியர் யார் என்று பொது அறிவு நூல்களில் தேடினால் எகிப்தின் மெரித் ப்தா என்ற பெயர் கிடைக்கும். நானும் மனனம் செய்த பெயர்தான். ஆனால் அப்படியொரு வைத்தியர் வாழ்ந்ததற்குச் சான்றே இல்லை. சான்று இருப்பது வேறொருவருக்கு. அவர் பெசெஷெத்.

ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முன், கீஸா பிரமிட்டுகள் எழுந்ததை ஒட்டிய காலத்தவர். 1929-30இல் எகிப்தியத் தொல்லியலாளர் ஸலீம் ஹஸன் கீஸாவில் அகெத்ஹெதெப் என்ற அதிகாரியின் கல்லறையை அகழ்ந்தார். இறந்தவரின் ஆன்மா வந்துபோகும் வழி என்று அம்மக்கள் நம்பிச் செதுக்கிய கற்கதவொன்றில் பெசெஷெத்தின் பெயரும் பதவிகளும் இருந்தன. அகெத்ஹெதெப் அவருடைய மகனாக இருக்கலாம். அரசரின் தாயாருக்குரிய ஈமச் சடங்குப் பணியாளர்களை மேற்பார்வை செய்தது ஒரு பதவி. மற்றது, பெண் வைத்தியர்களின் மேற்பார்வையாளர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். எகிப்திய மொழியில் வைத்தியரைக் குறிப்பது ஸுனு. இறுதியில் த் சேர்ந்தால் பெண்பால். கல்லில் உள்ளது அந்தப் பெண்பால் வடிவமே. மேற்பார்வையாளர் என்பதற்கு நம் ஊவாத் தோட்டத்துச் சொல் கங்காணி. கொழுந்து பறிப்பவர் பெண்கள். கங்காணி என்றாலோ ஆண் முகம்தான் நினைவுக்கு வரும். அங்கே பெண்களுக்குப் பெண்ணே கங்காணி! மேற்பார்வை செய்ய ஒருவர் இருந்தால், கீழே பலர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் பிரசவம் பார்த்தவர்கள் மட்டுமே என்பாரும் உண்டு. நம் மருத்துவச்சி என்ற சொல்லும் இப்படிச் சுருங்கியதுதானே.

பெசெஷெத் தாமே வைத்தியம் செய்தாரா என்பதைக் கல் நேராகச் சொல்லவில்லை. ஸாயிஸ் நகரில் 100 பெண்களைப் பயிற்றுவித்தார் என்பதெல்லாம் பின்னாளில் ஒட்டிய கதை.

மெரித் ப்தா எங்கிருந்து வந்தார்? 1938இல் அமெரிக்க வைத்தியர் கேட் காம்ப்பெல் ஹேர்ட்-மீட் தம் நூலில், மன்னர் பள்ளத்தாக்குக் கல்லறையொன்றில் அவருடைய உருவம் உள்ளதென்றும், காலம் கி.மு. 2700ஐ ஒட்டியதென்றும் எழுதினார். அங்கே மன்னர்களை அடக்கத் தொடங்கியதோ அதற்கு 1000 ஆண்டுகளுக்கும் பின்னர். பெசெஷெத்தின் செய்தியே பெயரும் இடமும் மாறிப் பதிந்திருக்க வேண்டும் என்று 2019இல் ஆய்வாளர் யாக்குப் குவெசின்ஸ்கி காட்டினார். ஹேர்ட்-மீட் காலத்தில் பெண்கள் வைத்தியத் துறைக்குள் நுழையவே போராடினார்கள். முன்னோடி ஒருவரைத் தேடிய அவருடைய ஆவலை என்னால் குறைசொல்ல முடியவில்லை. ஆனால் அவருக்குப் பின் 80 ஆண்டுகளாக எழுதியவர்கள் கல்லறையைத் திரும்பிப் பார்க்காமலே பிரதி செய்தார்கள்.

வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பள்ளத்துக்கும் மெரித் ப்தா என்றே பெயர் வைத்தாயிற்று.